ஆதரவு வாக்கு எதற்குச் சாட்சி? ஆத்தங்குடிக் கல் பதிலொன்றை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் பராமரிப்பவர்களுக்காக நடந்துவரும் இணையக் கேள்வி-பதில் குழுமம் ஒன்றில், பொருந்தாத ஒரு பதிலுக்கு ஆதரவு வாக்குகள் குவிந்தன; அதை நம்பிச் செய்த வேலையில் ஒரு வீட்டின் கூடத்துத் தளம் கெட்டுப்போனது. குழுமத்தை மேற்பார்க்கும் மூவரில் நானும் ஒருவன்; அந்தப் பதிலுக்கு வாக்களித்தவர்களிலும் ஒருவன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, பெயரையும் ஊரையும் விலக்கி, தொடக்கம் முதல் முடிவு வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

குழுமத்தில் ஏறத்தாழ 400 பேர் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் வீட்டு உரிமையாளர்கள். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று வெளியூரில் வாழ்ந்துகொண்டு, ஊரிலுள்ள வீட்டை முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து திறப்பவர்கள். மற்றவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள், கொத்தனார்கள், தச்சர்கள், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்யும் பட்டறைகளில் வேலை செய்பவர்கள், கட்டடக்கலை படித்த சில இளைஞர்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இருந்தாலும், வீட்டின் எந்தக் கட்டின், அதாவது எந்தப் பகுதியின், கூரை ஓடுகளை எப்போது மாற்றுவது, எந்தச் சுவருக்கு எதைப் பூசுவது என்று முடிவு செய்பவர்கள் பங்காளிகளே. விவரம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இல்லாமல் போனபின், அவர்களில் பலர் எங்கள் குழுமத்தில்தான் கேட்கிறார்கள். ஆகவே இங்கே மேலே நிற்கும் பதில், சில நாட்களில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரிலோ தரையிலோ வேலையாக மாறிவிடும். இதை நாங்கள் அறிந்திருந்தோம். அதற்குரிய எச்சரிக்கையோடு நடந்துகொள்ளவில்லை.

குழுமத்தின் அமைப்பு நிரலாளர்களுக்காக 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தைப் பார்த்து அமைத்துக்கொண்டதாகும். ஒரு கேள்விக்கு எத்தனை பேரும் பதில் எழுதலாம். பதிலின் பக்கத்திலுள்ள மேல்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டால் ஓர் ஆதரவு வாக்கு கூடும், எழுதியவர் கணக்கில் 10 புள்ளிகள் ஏறும், அதிக வாக்குப் பெற்ற பதில் முதலில் நிற்கும். கீழ்நோக்கிய குறி எதிர்வாக்குக்கு உரியது. வாக்களித்த சில நிமிடங்களுக்குள் மனம் மாறாவிட்டால், அந்தப் பதில் பின்னர் திருத்தப்பட்டாலொழிய வாக்கைத் திரும்பப் பெற முடியாது. இந்த விதியும் அங்கிருந்து எடுத்ததே. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அம்புக்குறியின் மேல் சுட்டியை வைத்தால், இந்தப் பதில் பயனுள்ளது என்று பொருள்படும் ஒரு வரி தென்படும். நாங்கள் அந்த ஒரு வரியைக்கூட எழுதி வைக்கவில்லை. எதற்காக வாக்களிக்க வேண்டும், எப்போது வாக்களிக்காமல் இருக்க வேண்டும் என்பது அவரவர் ஊகத்துக்கு விடப்பட்டிருந்தது.

கேள்வியும் பதில்களும்

மாசி மாதத் தொடக்கத்தில், சென்னையில் வாழும் ஓர் உரிமையாளர் கேள்வி கேட்டார். தம் வீட்டு இரண்டாம் கட்டுக் கூடத்தில் ஆத்தங்குடிக் கற்கள் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. வைகாசியில் தமக்கு அறுபதாம் சாந்தி நடக்கவிருக்கிறது. அதற்குள் தளத்தைப் பழையபடி ஆக்க என்ன செய்யலாம் என்பது கேள்வி. மூன்று படங்கள் சேர்த்திருந்தார். படங்களில் ஒன்றில், வளவு எனும் உள்வீட்டு முற்றத்தை ஒட்டிய வரிசைகளில் உப்பு அதிகமாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் இருப்பது தெரிந்தது. இதை நான் பின்னர்தான் கவனித்தேன்.

முதல் பதில் ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. எழுதியவர் குழுமத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெரியவர். பர்மாத் தேக்குத் தூண்களைச் சுத்தம் செய்வது, நிலைக்கதவின் பித்தளைக் குமிழ்களைத் துலக்குவது, செல்லரித்த உத்திரத்தைத் தாங்கு கொடுத்துக் காப்பது பற்றி அவர் முன்பு எழுதியவை அனைத்தும் பயன்பட்டவை. இம்முறையும் பதில் நீளமாக, படிப்படியாக, தம் வீட்டில் எடுத்த படங்களோடு இருந்தது: ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, தேய்த்து, நன்றாகக் கழுவி, உலர்ந்தபின் மேலே பளபளப்புப் பூச்சு ஒன்றைப் பூச வேண்டும் என்பது அதன் சாரம்.

இரண்டாவது பதில் மறுநாள் காலையில் வந்தது. ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பியது. முழுவதும் இவ்வளவுதான்: "ஆசிட் வேண்டாம் ஐயா. நம்ம கல்லு சுட்ட கல்லு இல்ல, சிமெண்டு. அடியில ஈரம் எங்க இருந்து ஏறுதுனு முதல்ல பாருங்க. உப்ப ஈரத்துணி போடாம காஞ்ச பிரஷ்ல தட்டி அள்ளுங்க. ஈரம் நின்ன பிறகு தண்ணியில ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டு தொடைங்க."

மூன்றாவது பதில், கற்களைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கச் சொன்னது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

முதல் இரண்டு நாட்கள்

முதல் பதிலுக்கு மூன்றாவதாக வாக்களித்தவன் நான். அப்போது அதை மேலிருந்து கீழ்வரை படித்திருந்தேனே தவிர, கேள்வியிலிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. எழுதியவர் இன்னார் என்பதும், பதில் சிரமப்பட்டு எழுதப்பட்டிருக்கிறது என்பதும் கண்ணில் பட்டன. கை தானாகக் குறியைத் தொட்டது. இரண்டாம் நாள் இரவுக்குள் முதல் பதில் 23 ஆதரவு வாக்குகளோடு மேலே நின்றது. பட்டறைப் பெண்ணின் பதிலுக்கு 2 வாக்குகள்.

இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகச் சொல்கின்றன என்பதை அந்த இரண்டு நாட்களில் ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை. ஒன்று ஊற்று என்கிறது, மற்றொன்று ஊற்றாதே என்கிறது. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க வழியில்லை. ஒரு பதிலுக்கு வாக்களிக்குமுன் அதன் பக்கத்தில் உள்ள பதிலையும் படிக்க வேண்டும் என்ற எளிய பழக்கம் எங்களிடம் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே நின்றிருக்கும்.

கூடத்தில் நடந்தது

கேள்வி கேட்டவர் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்து முதல் பதிலைத் தேர்ந்தெடுத்தார். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் தொலைபேசியில் சொல்லி, இரண்டு ஆட்களை வைத்து, முற்றத்தை ஒட்டிய பகுதியில் ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் வேலையைச் செய்ய வைத்தார். அன்று மாலை தளம் ஈரமாக இருந்தபோது எடுத்த படத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. மறுநாள் உலர்ந்தபின் கற்களின் நிறம் வெளிறி, பளபளப்பு முழுவதும் போய், காலடியில் மணல் நெருடியது. மூன்று வாரங்களில் உப்பும் திரும்பப் பூத்தது.

பங்குனியில் நானும், பணி ஓய்வு பெற்ற கட்டட மேற்பார்வையாளரான மற்றொரு பொறுப்பாளரும் அந்த வீட்டுக்குப் போனோம். கேள்வி கேட்டவரின் ஆச்சி, அதாவது மூத்த சகோதரி, அங்கிருந்தார். கெட்ட பகுதியையும் கெடாத பகுதியையும் பிரிக்கும் கோடு சுண்ணாம்பால் இழுத்ததுபோல் தெளிவாக இருந்தது. ஒரு பக்கம் சன்னல் கம்பியின் பிம்பமே தரையில் தெரிந்தது. மறுபக்கம் ஒன்றும் தெரியவில்லை. மாடியறையில் அடுக்கி வைத்திருந்த பழைய உபரிக் கற்களில் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, அதே கலவையில் ஒரு துளியை ஓரத்தில் விட்டோம். துளி விழுந்த இடத்தில் நுரை பொங்கியது. சிறிது நேரத்தில் துடைத்துவிட்டு நகத்தால் கீறியபோது, சிவப்பு நிறம் பொடியாக நகத்தில் ஒட்டியது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

காரணம் கல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, பிறகு பின்புறக் கலவையை நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து இறுக விடுகிறார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் படிந்து வருகிறது. அந்த முகம் முழுவதும் சிமெண்டு; சிமெண்டின் சுண்ணச் சேர்மங்களை ஆசிட் கரைத்துவிடும். கண்ணாடியிலிருந்து வந்த முகம் ஒருமுறை கரைந்தால் மெழுகு போட்டுத் தேய்த்து ஓரளவு மினுக்கலாம். பழைய முகம் திரும்பாது.

உப்பு திரும்பி வந்ததற்குக் காரணம் முற்றத்தில் கிடைத்தது. மழைநீரை வெளியேற்றும் கல் தூம்பு அடைபட்டு, கடந்த ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் முற்றத்திலேயே தேங்கி, பக்கத்துத் தளத்தின் அடியில் இறங்கியிருந்தது. ஓதம் மேலேறி முகத்தில் ஆவியாகும்போது, அது கரைத்துக் கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுச் செல்கிறது. ஊற்றுக்கண் இருக்கும்வரை மேலே எதைத் தேய்த்தாலும் உப்பு வரும். அதனால்தான் அந்தப் பெண் ஈரத்தைப் பார்க்கச் சொன்னார். ஈரத்துணி போட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கும் என்பதால்தான் காய்ந்த பிரஷைச் சொன்னார். நான்கு வரிக்குள் நோயும் மருந்தும் இருந்தன.

புறப்படும்போது அந்த ஆச்சி கேட்டார்: "தம்பி, இத்தனை பேர் சரின்னு போட்டிருந்தாங்களே, அத்தனை பேரும் இதைச் செஞ்சு பார்த்தவங்களா?" அந்தக் கேள்விக்கு விடை தேடியதே இந்த ஆய்வு.

வாக்களித்தவர்களிடம் கேட்டறிந்தவை

23 பேருக்கும் தனித்தனியே எழுதி, குற்றம் சாட்டும் நோக்கம் இல்லை என்பதை முதலில் சொல்லி, ஏன் வாக்களித்தீர்கள் என்று கேட்டோம். என்னையும் சேர்த்து 19 பேர் காரணம் சொன்னார்கள். அவர்களில் 8 பேர், எழுதியவர் நம்பகமானவர் என்பதால் வாக்களித்திருந்தார்கள். 5 பேருக்குப் பதிலின் ஒழுங்கும் படங்களும் பிடித்திருந்தன. 3 பேர், அது ஏற்கனவே மேலே நின்றதைப் பார்த்து வாக்களித்தார்கள். 2 பேர், பெரியவர் மெனக்கெட்டு எழுதியதற்கு நன்றி சொல்வதாக எண்ணினார்கள். ஒருவர் மட்டும் ஆசிட்டை உண்மையில் பயன்படுத்தியிருந்தார். தம் குளியலறைச் சுவரில். ஆத்தங்குடிக் கல்லில் செய்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

பெரியவரிடமும் பேசினோம். அவர் பொய் எழுதவில்லை. அவர் படத்தில் இருந்தது அவர் வீட்டு முகப்புச் சுவரில் பதித்த, வெளிநாட்டிலிருந்து அந்தக் காலத்தில் தருவித்த மெருகிட்ட பீங்கான் ஓடு. சுட்டு மெருகேற்றிய ஓட்டின் முகத்தில் அந்தக் கலவை தீங்கு செய்யவில்லை. அவருக்கு அது பலன் கொடுத்தது. தம் அனுபவத்தை நேர்மையாகச் சொன்னார். பொருள் வேறு என்பது அவருக்குத் தோன்றவில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துத் தடுப்பதற்காகவே வாக்கு என்ற ஏற்பாடு இருக்கிறது. எழுதியவர் ஒருவர் கவனக்குறைவாக இருக்கலாம். படித்த 23 பேரும் அப்படி இருந்ததே நான் பெரிதாக எடுத்துக்கொள்வது.

ஏற்கனவே மேலே நின்றதால் வாக்களித்தோம் என்று 3 பேர் சொன்னதை நான் குறைவான எண்ணிக்கையாகக் கருதவில்லை. தம்மை அறியாமல் அப்படிச் செய்தவர்கள் இன்னும் இருப்பார்கள். லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் 2013-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட சோதனை இதைத்தான் அளந்தது. ஒரு செய்தித் தளத்தில், புதிதாக வந்த கருத்துகள் சிலவற்றுக்கு எந்தத் தகுதியும் பாராமல் தொடக்கத்திலேயே ஓர் ஆதரவு வாக்கைச் சேர்த்தார்கள். அடுத்து வந்து படித்தவர் அதற்கு ஆதரவாக வாக்களிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. தொடக்கத்தில் சேர்த்த எதிர்வாக்கையோ பின்னால் வந்தவர்கள் சரிசெய்துவிட்டார்கள். முதல் சில வாக்குகளுக்குப் பின்னால் வரும் வாக்குகளை இழுக்கும் பலம் உண்டு என்றால், மூன்றாவதாகக் கைவைத்த என் பொறுப்பு ஒரு வாக்கின் அளவோடு முடியவில்லை.

நன்றிக்காக வாக்களித்தவர்கள் சொன்னதில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று தெரிந்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது, அந்தக் குடும்பத்தோடு நமக்குள்ள உறவைக் கணக்கில் ஏற்றுவதாகும். பந்தியில் சாப்பாடு எப்படியிருந்தது என்பதற்கும் மொய்க்கும் தொடர்பில்லை. எங்களில் பலர் வாக்கை மொய்யாக எழுதிக்கொண்டிருந்தோம். அவர் நம் பதிலுக்குப் போட்டார், நாம் அவர் பதிலுக்குப் போட வேண்டும் என்று ஒருவர் வெளிப்படையாகவே எழுதினார். புள்ளி என்ற சொல்லுக்கும் இங்கே கனம் அதிகம்: நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரின் கோயில் கணக்கில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. குழுமத்தில் ஒருவருக்குப் புள்ளி ஏறாமல் விடுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் மனநிலையில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கிருக்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், பதிலைப் பாராமல் ஒரே ஆளுக்குத் தொடர்ந்து வாக்களிப்பதை முறைகேடாகக் கருதி அந்த வாக்குகளை நீக்கிவிடுகிறார்கள். எங்கள் குழுமத்தில் அது நல்ல பண்பாகக் கருதப்பட்டு வந்தது.

வாக்களிக்காதவர்கள்

இந்த ஆய்வில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு தகவல். குழுமத்திலுள்ள கொத்தனார்களும் பட்டறைக்காரர்களும் அதுவரை எந்தப் பதிலுக்கும் ஏறத்தாழ வாக்களித்ததே இல்லை. ஆசிட் பதிலை அவர்களில் குறைந்தது நான்கு பேர் படித்திருக்கிறார்கள். நான்கு பேருக்கும் அது தவறென்று தெரிந்திருக்கிறது. ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு கொத்தனாரிடம் கேட்டபோது, "செட்டியார் எழுதினதுல நாங்க எப்படிங்க கைய வைக்கிறது? அது ஓனருங்க போடுற ஓட்டுன்னு நினைச்சோம்" என்றார்.

ஆக, தெரிந்தவர்கள் வாக்களிக்கவில்லை, வாக்களித்தவர்களுக்குத் தெரியவில்லை. தளத்தின் மென்பொருளில் இதற்கு மருந்து இல்லை. வீட்டுத் திண்ணையில் யார் உட்காருவது, யார் நின்றுகொண்டே பேசுவது என்ற பழைய ஏற்பாடு அப்படியே இணையத்துக்கும் வந்திருந்தது. அதை மாற்றும் முயற்சி எதையும் மேற்பார்வையாளர்களாகிய நாங்கள் அதுவரை எடுக்கவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

எடுத்த முடிவுகள்

முதலில் பழைய பதிலை என்ன செய்வது என்ற விவாதம் வந்தது. நீக்கிவிடலாம் என்றார் ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர். நீக்கினால் அடுத்தவருக்குப் பாடம் இல்லாமல் போகும் என்று பெரியவரிடமே பேசினோம். அவர் தயங்காமல், பதிலின் தலைப்பிலேயே, இது மெருகிட்ட பீங்கான் ஓட்டுக்கு மட்டும், ஆத்தங்குடிக் கல்லுக்குக் கூடாது, என் பதிலால் ஒரு வீட்டில் சேதம் நேர்ந்தது என்று சேர்த்தார். அந்தத் திருத்தம் வந்ததும் வாக்குகள் திறந்தன. நான் என் வாக்கைத் திரும்பப் பெற்று, ஏன் பெற்றேன் என்று கீழே எழுதினேன். ஒரு வாரத்தில் 23 வாக்குகள் 6 ஆகின. அவரைப் பற்றிய மதிப்பு எவருக்கும் குறையவில்லை.

அடுத்தது பட்டறைப் பெண்ணின் பதில். மூன்றாவது பொறுப்பாளரான இளம் கட்டடக்கலைஞர், எல்லோரும் இப்போதே இதற்கு வாக்களியுங்கள் என்று அறிவிப்பு வைக்கலாம் என்றார். நான் மறுத்தேன். அறிவிப்பைப் பார்த்து வாக்களிப்பதும் பெயரைப் பார்த்து வாக்களிப்பதும் ஒரே குற்றம். விடை இம்முறை சரியாக அமைந்துவிட்டது என்பதால் வழி சரியாகிவிடாது. அதற்குப் பதிலாக உபரிக் கல்லில் நாங்கள் செய்த சோதனையின் படங்களை அந்தப் பதிலின் கீழே இட்டோம். படங்களைப் பார்த்து, காரணத்தைப் புரிந்துகொண்டு வாக்களிக்க விரும்பியவர்கள் வாக்களித்தார்கள். அன்று நான் வாக்களிக்கவில்லை. ஆசிட் கெடுக்கும் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். ஈரத்தை நிறுத்தினால் உப்பு நிற்கும் என்பதை இன்னும் பார்க்கவில்லை. இது மிகையான கட்டுப்பாடு என்று நண்பர்கள் சொன்னார்கள். இருக்கலாம்; அப்போது எனக்கு அது தேவைப்பட்டது.

சித்திரையில் வாக்களிப்பு முறை ஒன்றை எழுதி, கேள்விப் பக்கத்தின் மேலே வைத்தோம். நீங்கள் செய்து பார்த்த வழியானால், அல்லது சொல்லப்பட்ட காரணத்தை உங்களால் இன்னொருவருக்கு விளக்கிச் சொல்ல முடியுமானால் வாக்களியுங்கள். கேள்வியையும் மற்றப் பதில்களையும் படித்தபின் வாக்களியுங்கள். நன்றியைப் பதிலின் கீழே எழுத்தில் சொல்லுங்கள். தெரியாத விஷயத்தில் வாக்களிக்காமல் நகர்ந்து செல்வது யாருக்கும் அவமரியாதை ஆகாது. இவ்வளவுதான். கடைசி வரிக்காகத்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம்.

கூடவே, புதிய பதில்களின் வாக்கு எண்ணிக்கையையும் எழுதியவர் பெயரையும் முதல் இரண்டு நாட்களுக்கு மறைத்து வைக்க ஏற்பாடு செய்தோம். ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் கருத்துகளின் மதிப்பெண்ணைச் சில மணி நேரம் மறைக்கும் வசதி மேற்பார்வையாளர்களுக்கு உண்டு. அதிலிருந்து வந்த யோசனை. எதிர்வாக்கை ஊக்குவிக்கலாமா என்றும் பேசினோம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலுக்கு எதிர்வாக்கு அளித்தால் எழுதியவர் 2 புள்ளிகளையும் அளித்தவர் 1 புள்ளியையும் இழக்கிறார்கள். அதனால் யோசித்தே அளிக்கிறார்கள். எங்கள் கொத்தனார்கள் ஆதரவு வாக்குக்கே தயங்குபவர்கள். எதிர்வாக்கை எதிர்பார்ப்பது நடவாத காரியம் என்று விட்டுவிட்டோம். மாறாக, நான்கு கைவினைஞர்களை நேரில் பார்த்து, தங்கள் தொழில் சார்ந்த கேள்விகளுக்கு வாக்களிப்பதைக் குழுமம் அவர்களிடம் வேண்டுகிறது என்று சொல்லி, எழுதத் தயங்குபவர்கள் குரல்பதிவாக அனுப்பினால் நாங்கள் எழுத்தாக்கி இடுவோம் என்று உறுதி கொடுத்தோம்.

பின்னர் நடந்தவை

முதல் இரண்டு மாதங்கள் நன்றாக இல்லை. வாக்குகள் பாதியாகக் குறைந்தன. ஆர்வத்தோடு எழுத வந்த ஓர் இளைஞர், தம் நான்கு பதில்களுக்கும் ஒரு வாக்குக்கூட விழவில்லை என்று விலகிப்போனார். அவற்றில் இரண்டு உண்மையிலேயே நல்ல பதில்கள். நாங்கள் தயக்கத்தை அதிகமாக விதைத்துவிட்டோம். ஆகவே முறையைத் தளர்த்தினோம். பழைய பாத்திரம் ஒன்றின் பெயர், வீட்டின் பகுதிகளான கல்யாணக் கொட்டகைக்கும் பட்டாலைக்கும் உள்ள வேறுபாடு போன்ற, தவறினால் எதுவும் கெடாத கேள்விகளில், தெளிவாகவும் பொருத்தமாகவும் தோன்றினாலே வாக்களிக்கலாம் என்றோம். செய்து பார்த்த சாட்சியம், ஒருமுறை செய்தால் திரும்பப் பெற முடியாத வேலைகளுக்கு மட்டும் போதும். இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்திருந்தால் அந்த இளைஞரை இழந்திருக்க மாட்டோம்.

ஆவணியில் முறைக்கு முதல் உண்மையான சோதனை வந்தது. வளவுச் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்திருக்கிறது, எதை வைத்து அடைப்பது என்று ஒருவர் கேட்டார். முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறார். சிமெண்டு வைத்து அடைத்து வெள்ளையடித்துவிடலாம் என்று ஒரு சுருக்கமான பதிலும், சுண்ணாம்பு வைத்துத்தான் அடைக்க வேண்டும் என்று இன்னொரு பதிலும் வந்தன. பெயரும் எண்ணிக்கையும் மறைந்திருந்த அந்த இரண்டு நாட்களில், முன்பு சொன்ன கொத்தனார் இரண்டாவது பதிலுக்கு வாக்களித்து, குரல்பதிவும் அனுப்பினார்: சிமெண்டு இறுகி நின்றுவிடும், சுவர் மூச்சு விடாது, உள்ளே நிற்கிற ஓதம் பக்கத்திலுள்ள பழைய பூச்சைத் தள்ளிவிடும், இரண்டு வீடுகளில் அப்படித் தள்ளியதைத் தாமே கொத்தி எடுத்திருக்கிறார். உரிமையாளர் சுண்ணாம்பையே வைத்தார்.

இனி மாற்ற வேண்டியவை

ஒன்று, செய்து பார்த்தேன் என்ற சொல்லுக்குக் காலமும் வேண்டும். புரட்டாசியில் ஒருவர் ஓட்டுக் கூரைக் கசிவுக்கு ஒரு வழியைச் செய்து பார்த்ததாக வாக்களித்தார். விசாரித்தால், செய்து மூன்று நாளாகியிருந்தது, ஒரு மழையும் பெய்யவில்லை. ஆசிட் ஊற்றிய கூடம்கூட முதல் நாள் மாலையில் நன்றாகத்தான் இருந்தது. ஈரம் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டிய பிறகு அளிக்கும் வாக்குக்குத்தான் முழு எடை உண்டு. ஆகவே தை மாதத்தில், முந்தைய ஆண்டின் பதில்களைத் திரும்பப் பார்த்து வாக்கை வைத்திருப்பதா எடுப்பதா என்று முடிவு செய்ய, வாக்குகளைச் சில நாட்கள் திறந்துவைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறோம்.

மற்றொன்று, மேற்பார்வையாளர்கள் முதல் நாளில் வாக்களிப்பதில்லை என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வாக்கு மற்றவர்களுக்கு அனுமதியாகத் தெரிந்துவிடுகிறது. பெயரை மறைத்தாலும் எழுத்து நடையைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இன்னும் வழி காணவில்லை.

அந்த வீட்டின் கதைக்கு வருகிறேன். தூம்பைத் திறந்து, முற்றத்தின் சரிவைச் சரிசெய்து, உப்பைக் காய்ந்த பிரஷால் அள்ளினார்கள். அறுபதாம் சாந்தி, கெட்ட பகுதியின் மேல் சமுக்காளம் விரித்து நடந்தேறியது. மோசமாக அரித்த மூன்று வரிசைகளுக்கு அதே பூவேலையில் ஆத்தங்குடியில் புதுக் கல் செய்து பதித்திருக்கிறார்கள். பழைய சிவப்போடு பக்கத்தில் வைத்தால் புதியது சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது. மழை முடிந்து தை இரண்டாம் வாரத்தில் உரிமையாளர் ஒரு படம் அனுப்பினார். முற்றத்தை ஒட்டிய வரிசைகளில் உப்பு இல்லை. படத்தோடு, பட்டறைப் பெண்ணின் பதிலுக்குத் தாம் இப்போதுதான் வாக்களித்ததாக எழுதியிருந்தார். அன்று மாலை நானும் வாக்களித்தேன்.